சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது

(கார் மெக்கானிக்குகளுக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் கோவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாரம் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து எழுந்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நேரத்துக்கு ஈடாக ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கைக்குள் அடங்கிவிடும் ஓ-டூ சென்சார், அதாவது ஆக்சிஜன் சென்சார்தான் அது. பழுதாகாத நிலையிலேயே அதிகம் கழற்றி எறியப்படும் பாகம் எது என்று கேட்டால், என் அனுபவத்தில் இதைத்தான் சொல்வேன்.

ஒரு பள்ளி ஆசிரியை என் பட்டறைக்கு வந்தார். நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு பழைய ஆக்சிஜன் சென்சார்கள்.

“சார், செக் இன்ஜின் லைட் எரியுதுன்னு இது ரெண்டையும் மாத்திட்டாங்க. லைட் மறுபடியும் வந்திருச்சு. இப்ப கம்பெனி சென்சாரா வாங்கி மூணாவது தடவை மாத்தணும்ங்கிறாங்க. மைலேஜும் ரொம்பக் குறைஞ்சு போச்சு. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.”

ஸ்கேனரைச் சொருகினேன். பி0171 என்ற கோடு வந்தது. கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் ஐட்லிங்கில் பிளஸ் 22. இன்ஜினின் கணினியான இ.சி.எம். தன் கணக்கைவிட 22 விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நுனி முழுக்க அடுப்புக்கரி போலக் கருப்பு. சைலென்சர் குழாய்க்குள் விரலை விட்டால் விரலிலும் கரி.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஸ்கேனர் “பெட்ரோல் போதவில்லை” என்கிறது. பிளக்கோ “பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறேன்” என்கிறது. இரண்டில் எது உண்மை? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் இன்று நான் பேச வந்ததில் பாதி முடிந்தது.

விடை அந்தச் சென்சாரின் பெயரிலேயே இருக்கிறது. அது ஆக்சிஜன் சென்சார். அதற்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டும்தான். புகைக்குழாயில் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜன் அதிகம் இருந்தால் லீன் என்றும், ஆக்சிஜன் இல்லாவிட்டால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம் என்றும் இ.சி.எம். தானாக அர்த்தம் செய்துகொள்கிறது. பெரும்பாலும் அந்த அர்த்தம் சரியாக இருக்கும். ஆனால் ஆக்சிஜன் வேறு வழியாக உள்ளே வந்துவிட்டால்? அப்போதும் சென்சார் உள்ளதை உள்ளபடியே சொல்கிறது. தவறு அந்த அர்த்தத்தில்தான் நேர்கிறது.

இந்த வேலையை அது எப்படிச் செய்கிறது? 1897-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வால்ட்டர் நெர்ன்ஸ்ட் என்ற விஞ்ஞானி ஒரு மின்விளக்கு செய்தார். அதற்குள் கம்பி இழைக்குப் பதில் சிர்கோனியா என்னும் பீங்கான் குச்சி. அந்தப் பீங்கான் குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது. நன்றாகச் சூடாக்கினால், ஆக்சிஜன் அயனிகள் அதற்குள் நகரத் தொடங்கி மின்சாரம் பாயும். அதனால் அந்த விளக்கை ஏற்றும்போது முதலில் தனி ஹீட்டரால் குச்சியைச் சூடாக்க வேண்டியிருந்தது. இதே நெர்ன்ஸ்ட் 1889-இல் எழுதிய சமன்பாடு ஒன்று, இரண்டு பக்கமும் செறிவு வேறுபட்டால் எவ்வளவு வோல்ட் பிறக்கும் என்று சொல்கிறது. பின்னாளில் 1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நம் சென்சாருக்குள் இருப்பதும் அதே சிர்கோனியா பீங்கான்தான். தையல்காரர் விரலில் மாட்டும் தொப்பி போன்ற வடிவம். உள்ளும் புறமும் பிளாட்டினம் பூச்சு. வெளிப்பக்கம் புகை, உள்பக்கம் வெளிக்காற்று. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன். புகையில் ஆக்சிஜன் அற்றுப்போனால் இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு மிக அதிகம், சென்சார் 0.8, 0.9 வோல்ட் கொடுக்கும். புகையில் ஆக்சிஜன் இருந்தால் வேறுபாடு குறைவு, 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். நடுக்கோடு 0.45 வோல்ட். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவையில், வோல்டேஜ் இந்தக் கோட்டைச் செங்குத்தாகத் தாண்டும். அந்த நிலைக்கு லாம்டா 1 என்று பெயர்.

1976-இல் பாஷ் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த இந்தச் சென்சாரை வோல்வோ நிறுவனம் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிய 240 வரிசைக் கார்களில் பொருத்தியது. கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமை. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சுத்தம் செய்ய வேண்டுமானால், கலவை லாம்டா 1-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அதைக் கண்காணிக்க வந்த பொருள்தான் இது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்துவிட்டது. நம் பட்டறைக்கு வரும் எந்தப் புதிய பெட்ரோல் காரும் இந்தச் சென்சார் இல்லாமல் வராது.

இப்போது ஆசிரியையின் காருக்குத் திரும்புவோம்.

ஐட்லிங்கில் பிளஸ் 22 இருந்த டிரிம், 2,500 ஆர்.பி.எம்.-இல் பிளஸ் 9-க்கு இறங்கியது. எங்கோ கசிவு இருக்கலாம் என்று காது கொடுத்துக் கேட்டேன்; இன்ஜின் சூடாக இருந்ததால் சத்தம் ஒன்றும் தெரியவில்லை. “டீச்சர், வண்டி இன்னைக்கு இங்கேயே நிக்கட்டும், காலைல குளிர்ந்த இன்ஜினைப் பாக்கணும்” என்று சொல்லி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் தலைப்பகுதியில் டிக் டிக் டிக் என்று ஒரு மெல்லிய சத்தம். இரண்டு நிமிடத்தில் மறைந்துவிட்டது. இன்ஜினை நிறுத்தினேன். வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தைச் சைலென்சர் வாயில் வைத்துத் துணியால் சுற்றி அடைத்தேன். சோப்புத் தண்ணீரைப் பிரஷில் தொட்டு எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு இணைப்பு நெடுக ஓட்டினேன். மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பியது. அங்கே கேஸ்கெட்டில் ஓட்டை விழுந்திருந்தது.

புகை வெளியே வருகிற இடத்தில் காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்பீர்கள். புகை ஒரே சீராக ஓடுவதில்லை. துடிப்புத் துடிப்பாக ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு கணம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்தக் கணத்தில் ஓட்டை வெளிக்காற்றை உறிஞ்சும். ஐட்லிங்கில் இது அதிகம். வேகம் கூடினால் குறையும். உறிஞ்சிய காற்றின் ஆக்சிஜன் நேரே சென்சாரில் போய்ப் படும். சென்சார் “ஆக்சிஜன் இருக்கிறது” என்று உண்மையைச் சொன்னது. இ.சி.எம். பெட்ரோலைக் கூட்டியது. எவ்வளவு கூட்டினாலும் ஓட்டையில் வரும் காற்று நிற்கவா போகிறது? அதனால் இன்னும் கூட்டியது. பிளக் கரியானது, மைலேஜ் விழுந்தது. ஸ்கேனர் காட்டிய லீன், இன்ஜினுக்குள் உண்மையில் ரிச். பைக்குள் இருந்த இரண்டு சென்சார்களும் நல்லவை. மாற்ற வேண்டியிருந்தது ஒரு கேஸ்கெட். மாற்றிய பிறகு ஓட்டிப் பார்த்தபோது டிரிம் பிளஸ் 2-இல் வந்து நின்றது.

அந்த ஆசிரியை சென்சார்களுக்குக் கொடுத்த பணம் அவருடைய மாதச் சம்பளத்தில் துண்டு விழ வைத்த பணம். அதை நாம் மறக்கக் கூடாது.

சென்சார்மீது பழி போட வைக்கும் இன்னொரு கோளாறு மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டரில் பிளக் தீப்பொறி அடிக்கவில்லை என்று வையுங்கள். அந்தச் சிலிண்டர் உறிஞ்சிய காற்று முழுதும், அதன் ஆக்சிஜன் முழுதும் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகும். கூடவே பெட்ரோலும் போகும். ஆனால் சென்சாருக்குத்தான் பெட்ரோல் தெரியாதே! அது ஆக்சிஜனை மட்டும் சொல்லும். இ.சி.எம். நல்ல சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டையே உருக்கிவிடும். ஆகவே பி0300 முதல் பி0304 வரையிலான மிஸ்ஃபயர் கோடுகளோடு லீன் கோடும் சேர்ந்து வந்தால், பிளக், காயில், இன்ஜெக்டர் இவற்றைச் சரிசெய்யாமல் சென்சார் பக்கம் போகவே போகாதீர்கள்.

அப்படியானால் சென்சார் பழுதாவதே இல்லையா? நிச்சயம் ஆகும். அதைச் சோதிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஸ்கேனரில் வந்த கோடை அழிக்காதீர்கள். கோடு விழுந்த நொடியில் ஆர்.பி.எம். என்ன, கூலன்ட் சூடு என்ன, லோடு என்ன, டிரிம் என்ன என்று இ.சி.எம். எடுத்து வைத்த ஃப்ரீஸ் ஃபிரேமை எழுதிக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் போய்விடும்.

இரண்டாவது, ஹீட்டர். நெர்ன்ஸ்ட் விளக்குக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஏறத்தாழ 350 டிகிரி சூடு ஏறாமல் சிர்கோனியா வேலை செய்யாது. புகையின் சூட்டுக்குக் காத்திருக்க முடியாது என்பதால்தான் உள்ளே ஹீட்டர். பி0135 வந்தால் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட், பி0141 வந்தால் பின்னால் இருக்கும் சென்சாருடையது. கோடு சர்க்யூட்டைத்தான் குறை சொல்கிறது. சர்க்யூட் என்றால் ஃபியூஸும் ஒயரும் கப்ளரும் சேர்ந்தது. கப்ளரைக் கழற்றுங்கள். இன்ஜின் ஓடும் நிலையில் ஹீட்டர் சப்ளை முனையில் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா? வரவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள், ஒயரைப் பாருங்கள். நம் ஊரில் ஒயரைக் கடிக்கும் எலிக்கு எப்போதும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள். சப்ளை வந்தால், சென்சார் பக்கம் ஹீட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே ஓம் அளவு பாருங்கள். குளிர்ந்த நிலையில் சில ஓம்கள்தான் இருக்கும். சரியான அளவு அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது. அப்போது தயங்காமல் சென்சாரை மாற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. ஓம் மீட்டரை ஹீட்டர் முனைகளில் மட்டும் வையுங்கள். சிக்னல் முனையில் ஒருபோதும் வைக்காதீர்கள். மீட்டர் செலுத்தும் மின்சாரம் பீங்கானைக் கெடுத்துவிடலாம். ஒயர் நிறத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பாஷ் சென்சாரில் இரண்டு வெள்ளை ஒயர் ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் நிறம் சிக்னலின் எர்த். டென்சோவில் பொதுவாக இரண்டு கருப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். ஒன்றை வெட்டி இன்னொன்றோடு நிறம் பார்த்து ஒட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, சென்சாரின் வேகம். இன்ஜின் நன்றாகச் சூடாகி குளோஸ்டு லூப்புக்கு, அதாவது இ.சி.எம். சென்சாரைக் கேட்டுப் பெட்ரோலை அளக்கும் நிலைக்கு வந்த பிறகு, 2,500 ஆர்.பி.எம்.-இல் நிறுத்தி ஸ்கேனரில் கிராஃப் பாருங்கள். முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். அது ஏறி இறங்கவில்லை என்றால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம். நாமே ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்து அதைக் கேள்வி கேட்போம். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள், கலவை கணநேரம் ரிச் ஆகும், வோல்டேஜ் 0.8-க்கு மேல் தாவ வேண்டும். 3,000-இல் வைத்துச் சட்டென்று காலை எடுங்கள், இ.சி.எம். இன்ஜெக்டரையே நிறுத்திவிடும், வெறும் காற்றுதான் வெளியே வரும், வோல்டேஜ் பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும். நல்ல சென்சார் இந்தத் தாவலை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடித்துவிடும். தள்ளாடித் தள்ளாடி ஏறினால் அது முதுமை. பி0133 சொல்வது அதைத்தான். இரண்டு சோதனைக்கும் அசையாமல் நின்றால் ஒயரைச் சோதித்துவிட்டு மாற்றுங்கள். இரண்டிலும் சரியாகப் பதில் சொன்னால், அந்தச் சென்சார் நல்லது. அது சொல்வதை நம்பி இன்ஜினில் தேடுங்கள்.

பல பி.எஸ்.6 கார்களில் முன் சென்சார் ஐந்து ஒயர் உள்ள வைட்பேண்ட் வகை. அது ஏறி இறங்காது; லாம்டாவை நேராக எண்ணாகவே காட்டும். “சென்சார் அசையாம நிக்குது, செத்துப் போச்சு” என்று அதை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதே போல, கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் அசையாமல் 0.6, 0.7 வோல்ட்டில் நிற்பதுதான் ஆரோக்கியம். அது முன் சென்சாரைப் போலவே ஆடத் தொடங்கினால், கன்வர்ட்டர் ஆக்சிஜனைச் சேமிக்கும் சக்தியை இழந்துவிட்டது என்று பொருள். பி0420 வருவது அப்போதுதான். அங்கே பின் சென்சாரை மாற்றுவது வீண் செலவு.

இப்போது எல்லாப் பட்டறையிலும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். “இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து டிரிம் பிளஸ்ஸிலேயே நிக்குதே, சென்சாரா?” எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதை எரிக்கக் காற்று குறைவாகப் போதும்; ஒரு பங்குக்கு 9 பங்குதான். பத்து விழுக்காடு கலந்த பெட்ரோலுக்குச் சரியான கலவை சுமார் 14.1. இருபது கலந்தால் சுமார் 13.5. அதே காற்றுக்கு ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். சென்சார் பார்ப்பது மிஞ்சும் ஆக்சிஜனை என்பதால், எந்த எரிபொருளாக இருந்தாலும் அது லாம்டா 1-க்கே இழுத்துக்கொண்டு போகும். முன்பு பிளஸ் 3 இருந்த பழைய கார் இப்போது பிளஸ் 7 காட்டினால், சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். அந்த நான்கைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். ஏற்கெனவே அடைப்புள்ள இன்ஜெக்டரோ பலவீனமான பம்ப்போ உள்ள வண்டிகளில்தான் இது எல்லையைத் தாண்டி லீன் கோடு போட வைக்கும்.

சென்சார் உண்மையிலேயே செத்துப் போயிருந்தால், அதைக் கொன்றது எது என்றும் கேளுங்கள். நுனியைப் பாருங்கள். கருப்புக் கரி என்றால் ரிச் கலவை. மாவு போல வெள்ளைப் படிவு என்றால் சிலிகான். பழுது பார்த்தவர் தவறான சீலன்ட்டைப் பூசியிருக்கலாம். சாம்பல் நிறப் படிவு என்றால் எரிந்த இன்ஜின் ஆயில். ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் கசிந்தாலும் படிவு சேரும். இந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் புதிய சென்சாரை மாட்டினால், அதற்கும் அதே கதிதான். கீழே விழுந்த சென்சாரையும் மாட்டாதீர்கள்; உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம், வெளியே தெரியாது. கப்ளருக்குள் கிரீஸ் தடவாதீர்கள், ஒயரை ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். பல சென்சார்கள் உள்பக்கத்துக்கான வெளிக்காற்றை அந்த ஒயரின் இழைகளுக்கு இடையேதான் உறிஞ்சுகின்றன. அதை அடைத்தால் ஒப்பிடுவதற்கு அதற்குக் காற்றே இருக்காது.

தம்பிகளே, நம் தொழிலில் பாகம் மாற்றுவதற்குக் கை போதும். எந்தப் பாகத்தை மாற்றக் கூடாது என்று சொல்லத்தான் படிப்பு வேண்டும். ஒரு நல்ல சென்சாரைக் காப்பாற்றிக் கொடுப்பதும் பழுது நீக்கியதற்குச் சமம். அதற்குக் கூலி கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. “அரை மணி நேரம் சோதித்தேன், சென்சார் நன்றாக இருக்கிறது, கேஸ்கெட்தான் போயிருக்கிறது, சோதனைக்கு இவ்வளவு” என்று நேராகச் சொல்லுங்கள். அந்த வாடிக்கையாளர் வேறு பட்டறை தேட மாட்டார்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை காலை முதல், ஓ-டூ சென்சாரைக் கழற்ற 22-ஆம் நம்பர் ஸ்பானரை எடுப்பதற்கு முன், ஜாப் கார்டில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: ஐட்லிங்கில் டிரிம், 2,500-இல் டிரிம், ஹீட்டருக்கு வரும் வோல்டேஜ், ஆக்சிலரேட்டரை மிதித்து விட்டபோது சென்சார் தொட்ட மேல், கீழ் அளவு. இந்த நான்கும் எழுதப்படாத ஜாப் கார்டு உள்ள வண்டியில் சென்சாரைத் தொடாதீர்கள்.